கழுத்துக்குள் பச்சை

நான் ஒன்றும் செய்யவில்லை. தொட்டேன், அவ்வளவுதான். துணியை வைத்து ஒரு துடை. அதையும் அழுத்திச் செய்யவில்லை, பூனையைத் தடவுகிற மாதிரி. தானாக வந்துவிட்டது.

பறவையின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முதலில் செய்த காரியம், யாராவது பார்க்கிறார்களா என்று வாசல் பக்கம் திரும்பியதுதான். கார் ஷெட்டின் பாதிக் கதவு திறந்திருந்தது. சந்தில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். வேறு ஆள் அரவமே இல்லை. ஐம்பத்தொரு வயதில், தன் சொந்த வேலையறையில், முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பிள்ளை மாதிரித் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றாள்.

சின்ன நெல்லிக்காய் அளவுத் தலை. கொஞ்சம் வளைந்த அலகு, கண்ணுக்கு ஊசி முனையால் குத்தியது போல ஒரு குழி. ஆளுயரக் கண்ணாடியின் மரச்சட்டத்தில் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. சட்டம் முழுக்கத் திராட்சைக் கொடி. ஒவ்வோர் இலைக்கும் நரம்பு செதுக்கியிருந்தார்கள், பழங்களுக்குக்கூடக் காம்பு இருந்தது. உச்சியில் இரண்டு பறவைகள், ஒன்றையொன்று பார்த்தபடி. இடப்பக்கத்துப் பறவைக்கு இப்போது முகம் இல்லை. வலப்பக்கத்துப் பறவை எதுவும் நடக்காத மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடி அவள் பிறந்த வீட்டினுடையது. அப்பா போன பிறகு அக்கா வீட்டுக்குப் போனது. இப்போது அக்காவின் மகள் தனிக் குடித்தனம் போகிறாள். "சித்தி, பெயிண்ட் எல்லாம் எடுத்து வெறும் மரமா ஆக்கிக் கொடுங்க. அந்தப் பறவை பத்திரம். நம்ம குடும்பத்துப் பிரபலம் அது" என்று சொல்லி, சட்டத்தைத் தனியாகக் கழற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

பெயிண்ட் எடுப்பதுதான் அவள் தொழில். ஆறு வருஷமாகிறது. அதற்கு முன் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்தாள். இப்போது நாற்காலி, கதவு, மேஜைக்கால், யாரோ ஒருவரின் பழைய கடிகாரப் பெட்டி என்று ஷெட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று படுத்திருக்கும். பெயிண்டைக் கரைக்கும் ரிமூவரைக் கெட்டியாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டுக் காத்திருப்பாள். பெயிண்ட் சூடான பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி சுருங்கி எழும்பும். சமதளமென்றால் தகட்டால் வழித்துவிடலாம். சித்திர வேலைப்பாட்டில் தகடு நுழையாது. அங்கே பல் தேய்க்கும் பிரஷ், கூர் சீவிய மூங்கில் குச்சி, இலைக் காம்புகளுக்கு இடையில் கோத்து இழுக்கச் சணல் நூல். கம்பி பிரஷைத் தொடவே மாட்டாள். அவசரக்காரர்கள் சோடாக் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். பெயிண்ட் அரை மணியில் போய்விடும். கூடவே ஒட்டுப் பசையும் போகும், மரமும் கறுக்கும். அவளிடம் கொடுத்தால் மூன்று வாரம். "உங்ககிட்ட கொடுத்தா, திரும்ப வாங்கறதுக்குள்ள எங்க ரசனையே மாறிடுதுங்க" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியையும் கொண்டுவந்தார்.

அந்தச் சட்டத்தின் மேல் நான்கு பூச்சுகள் இருக்கும் என்று எடுப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். காரணம் அப்பா. டப்பாவில் பெயிண்ட் மிச்சம் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஜன்னலுக்கு அடித்தது மீந்தால் கதவுக்கு, கதவுக்குப் போக மீந்தால் ஸ்டூலுக்கு, அதற்கும் மேலே என்றால் கண்ணாடிச் சட்டத்துக்கு. "எல்லாரும் நடந்துக்கிட்டே இருங்க, ஒரு இடத்துல அசந்து உட்கார்ந்தா நமக்கும் ரெண்டு கோட் விழும்" என்பாள் அம்மா. முதல் வீடு நீலம். அதில்தான் அவள் பிறந்தாள். அவளுக்கு ஆறு வயதில் இரண்டாவது வீட்டுக்கு மாறியபோது பச்சை. அக்கா கல்யாணத்துக்கு வெண்மஞ்சள். அப்பா ஓய்வு பெற்ற வருஷம் காபிக் கொட்டை நிறம். அந்தக் குடும்பத்துக்கு வேறு நாட்குறிப்பு தேவைப்படவில்லை.

பச்சை அடித்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாள் அம்மா. அவளுக்கு எட்டு வயது. கண்ணாடியைத் துடைத்தாள், கொடியைத் துடைத்தாள், பறவையைத் துடைத்தாள். தலை கையோடு வந்துவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டு அப்பா வந்தார்.

"யார் உடைச்சது?"

"நான் உடைக்கலைப்பா. தானா வந்துச்சு."

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. சிரித்தார். நின்றுகொண்டு சிரிக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். "தானா வந்துச்சாம்! கேட்டியா? பறவைக்குக் கழுத்து வலிச்சிருக்கும், கழட்டிக் கொடுத்துடுச்சு!" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லிக்கொண்டே தலையை ஒரு சின்ன ஆணி வைத்து ஒட்டி, மேலே பட்டி தடவி மூடினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது உடைந்தாலும் தானாகத்தான் வந்தது. டம்ளர் கீழே விழுந்தால் தானா வந்துச்சு, பரீட்சையில் மார்க் குறைந்தால் தானா வந்துச்சு. அவள் பெயரே தானா ஆனது. கணவர் வீட்டார் முதல் தடவை வந்தபோது அப்பா இந்தக் கதையைச் சொன்னார். இரண்டாவது தடவை வந்தபோது மாமியாரே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அக்காவின் மகள் பேச்சு வந்த புதிதில் அவளைத் தானாச் சித்தி என்றுதான் அழைத்தாள்.

பெயர் அவளை உறுத்தியதில்லை. பெயரில் பாசம்கூட இருந்தது. உறுத்தியது வேறு. பத்து வயதில் அவள், நாம்தான் ஏதோ செய்திருப்போம் என்று நினைக்க ஆரம்பித்தாள். பதினைந்து வயதில் அவளுக்கு அது ஞாபகமே வந்துவிட்டது. இந்தப் பறவை அந்தப் பக்கம் பார்த்தால் எப்படியிருக்கும் என்று அதன் தலையை இரண்டு விரலால் திருகிய ஞாபகம். விரலுக்கடியில் மரம் முறுகி, 'நறுக்' என்ற சத்தம். அவ்வளவு துல்லியம். ஆக, அன்று சொன்னது பொய். பொய் என்று தெரியாமலேயே பொய் சொல்லக்கூடியவள் நான் என்று அவள் தன்னைப் பற்றி முடிவு செய்துகொண்டாள். அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போனால், மற்றவர்கள் அடுத்தவர் மேஜையைப் பார்க்கும்போது அவள் தன் இழுப்பறையைத் திறந்து பார்ப்பாள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கணவர் சொன்னால், சொல்லியிருக்க மாட்டார், நமக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கும் என்று விட்டுவிடுவாள். எத்தனையோ சண்டைகள் இப்படித் தொடங்காமலே முடிந்திருக்கின்றன. நல்ல குணம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அவள் பறவைத் தலையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ரிமூவர் அப்பாவின் பட்டியைக் கரைத்திருந்தது. ஆணி எப்போதோ துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. உடைந்த பரப்பைத் துணியால் ஒற்றி எடுத்தாள். பட்டிக்கு அடியில் மரம் தெரிய வேண்டும்.

தெரிந்தது பச்சை.

மரத்தின் ரேகைகளுக்குள், துளைகளுக்குள், ஆழம் வரை பச்சை. சட்டத்தில் நின்ற கழுத்தின் உடைப்பிலும் அதே பச்சை, ஓரத்திலிருந்து நடுவரை நாக்கு நாக்காக இறங்கியிருந்தது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, இன்னைக்குத் தலையையே எடுத்துட்டீங்களா? நான் பல்லோட நிறுத்திக்குவேன்."

மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர். தேய்ந்துபோன கருவிகளை அவளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற அம்மாள். நுனி வளைந்த குத்தூசிகளை வாரிக் கொடுத்துவிட்டு, தான் படித்த படிப்பு கடைசியில் மேஜைக்காலுக்குத்தான் பயன்படுகிறது என்று அலுத்துக்கொள்வார்.

"டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்களேன். இது உடைஞ்சப்போ பச்சை அடிச்சு ரெண்டு வருஷம் ஆயிருந்தது. பச்சை மேலேதானே இருக்கணும்? உள்ளே வெறும் மரம்தானே?"

டாக்டர் கழுத்தில் தொங்கிய பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "உள்ளே இறங்கியிருக்கே."

"அதான் கேட்கிறேன்."

"இதுல கேட்க என்ன இருக்கு? பச்சை அடிக்கும்போதே உள்ளே விரிசல் இருந்திருக்கு. முழுப் பல்லுல கறை மேலோட நிக்கும். கீறல் விட்ட பல்லா இருந்தா உள்ளே இறங்கிடும். நேத்துதான் கல்லைக் கடிச்சேன் டாக்டர்னு சத்தியம் பண்ணுவாங்க. உள்ளே பார்த்தா மூணு வருஷத்துக் கறை."

"அப்போ அன்னைக்கு உடையலையா?"

"அன்னைக்கு ஒட்டு விட்டிருக்கும். இருங்க, இது என்ன கம்பி?" அவர் தன் பழைய குத்தூசியாலேயே கழுத்தின் நடுவைத் தட்டினார். 'டிக் டிக்' என்றது. பச்சைக்குள் மூழ்கிக் கறுப்பாக ஒரு நுனி. "அடடா, யாரோ உள்ளே பின் வச்சு நிறுத்தியிருக்காங்க. நல்ல கை. நான் வேலைக்கு வச்சுக்குவேன். ஆமா, யாரு உடைச்சது?"

"நான்தான்னு சொல்லுவாங்க" என்றாள் அவள்.

டாக்டர் சிரித்துவிட்டு மாடிக்குப் போனார்.

பச்சையை ஒரு சொட்டு ரிமூவரால் நனைத்து, மூங்கில் குச்சியால் நெருடினாள். கம்பி நன்றாகத் தெரிந்தது. முடியில் குத்துகிற பின்னின் ஒரு கால். அலை அலையாக நெளிந்த பக்கம். அம்மா கொண்டை ஊசி தவிர வேறு எதையும் தலையில் வைத்ததில்லை. அவளுக்குப் பத்து வயது வரை பேனுக்குப் பயந்து தலையை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அந்த நெளி பின்கள் அந்த வீட்டில் ஓர் ஆளுக்குத்தான் இருந்தன. அட்டையோடு வாங்கி, எண்ணி வைத்து, ஒன்று குறைந்தால் வீட்டையே புரட்டுவாள் அக்கா.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வந்தது ஒருவிதக் கிறுகிறுப்பு. கண்ணை மூடி, மனதுக்குள் பறவையின் தலையைத் திருகிப் பார்த்தாள். இரண்டு விரல், முறுகும் மரம், 'நறுக்'. அப்படியே இருந்தது அந்த ஞாபகம், ஒரு தூசிகூடக் குறையாமல். நடக்கவே நடக்காத ஒன்று. தன் மண்டைக்குள் இப்படி இன்னும் எத்தனை இருக்கும்? யார் யாருக்காகவோ செய்து வைத்துக்கொண்ட ஞாபகங்கள்?

அப்பா? ஆணி வைக்கும்போது அவர் கண்ணில் இந்தப் பச்சை படாமலா இருந்திருக்கும்? பெயிண்டைப் பற்றி அவருக்குத் தெரியாததா? சிரிப்பில் கவனித்திருக்க மாட்டார். அல்லது கவனித்திருப்பார், கதை நன்றாக இருக்கிறதே என்று விட்டிருப்பார். இரண்டில் எது என்று இனி யாரிடம் கேட்பது?

பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். குடையை மடக்கும்போதே குரல் உள்ளே வந்துவிட்டது.

"அடியே தானா, முடிஞ்சுதா இல்லையா? இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்கியோ. உன் மூக்கை வாடகைக்கு விட்டுட்டியா?" மேஜைக்கு வந்தவள் செய்தித்தாளின் மேல் இருந்த தலையைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஐயையோ, மறுபடியுமா! என்ன, தானா வந்துச்சா?"

"ஆமாக்கா. தானாத்தான் வந்துச்சு."

அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் விளக்கைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினாள். "இதைப் பாரேன்."

அக்கா குனிந்தாள். முதலில் கண்ணைச் சுருக்கினாள், பிறகு கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடியை எடுத்தாள், ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். சிரிப்பு அவள் முகத்தில்தான் இருந்தது, ஆனால் அதை அங்கே விட்டுவிட்டு அவள் எங்கோ போய்விட்டாள்.

"ஈரத் துண்டை அது மேல மாட்டி இழுத்தேன்" என்றாள் கடைசியில். "பழைய வீட்டுல. எனக்குப் பன்னெண்டு வயசு. அப்பா கொன்னுடுவார்னு பயம். பின்னை ஒடிச்சு உள்ளே சொருகி, மெழுகுவத்தியை உருக்கி ஒரு சொட்டு விட்டு நிறுத்தினேன். அடுத்த மாசமே வீடு மாறினோம், அப்பா பச்சை அடிச்சார். விரிசலைப் பார்க்கவே இல்லை. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு."

"அப்புறம் நான் துடைச்சேன்."

"ஆமா." அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "நீ தானா வந்துச்சுன்னு சொன்னப்போ எனக்குக் குப்புன்னு வேர்த்துச்சுடி. வாயைத் திறக்கத்தான் போனேன். அப்பா சிரிச்சிட்டார். சிரிக்கிறார், அடிக்கலையேன்னு விட்டுட்டேன். ஒரு அடி விழுந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். நிஜமா."

"அடி விழுந்திருந்தா தேவலையா இருந்திருக்கும்" என்றாள் அவள். எரிச்சலோடு சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, அப்படித்தான் என்று தோன்றியதால் சொன்னாள்.

"போடி. சும்மா ஒரு கேலி. அதுல என்ன?"

"நீயும் சொன்னியேக்கா. உன் பொண்ணுக்கு நீதானே சொல்லிக் கொடுத்தே."

"சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நிஜம்னு ஆயிடுச்சு. இந்தப் பின்னைப் பார்க்கிற வரைக்கும் எனக்கு நெனப்பே இல்லை, நம்பு."

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நம்பலாம். தனக்கு ஒரு திருகல் ஞாபகம் வளர்ந்த மாதிரி, அக்காவுக்கு ஒரு மறதி வளர்ந்திருக்கலாம். நம்பாமலும் இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், இதில் எது சரி என்று அக்காவைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இதுநாள் வரை அப்படித் தோன்றாமல் இருந்ததில்லை.

அக்கா எழுந்து பாதிக் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "சரி, விடு. என் பொண்ணு சாயங்காலம் வண்டி கொண்டு வரா. அந்தப் பின்னை எடுத்துடு. வேற குச்சி கிச்சி வச்சு ஒட்டிடு. பச்சையையும் சுத்தமா சுரண்டிடு."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? அவ ஒண்ணொண்ணா நோண்டுவா. இது என்ன, எப்படி வந்துச்சு, யார் வச்சதுன்னு. சின்ன வயசுல ஒரு பென்சிலைத் தொலைச்சிட்டுப் பொய் சொன்னதுக்கு நான் அவகூட ரெண்டு நாள் பேசலை. அவகிட்ட நான் என்னத்தைச் சொல்லுவேன்?" அக்கா அவள் கையுறைக் கையைப் பிடித்தாள். ரிமூவரைப் பற்றிய பயம்கூட இல்லாமல். "உனக்கு இதுல என்ன போகுது? யாராவது உன்னைக் குறைவா நெனச்சோமா? எல்லாருக்கும் உன்மேல உசுரு. செல்லப் பேருடி அது. இருந்துட்டுப் போகட்டுமே."

அக்காவின் கைக்குள் கொஞ்ச நேரம் தன் கையை விட்டுவைத்தாள். அந்தக் கை அவளுக்குச் சடை பின்னியது. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அவள் பிரசவ அறைக்கு வெளியே ராவும் பகலும் பிளாஸ்க்கோடு நின்றது. அதெல்லாம் நடந்தது. அதில் எதையும் யாரும் அவளுக்குள் பூசவில்லை, அவளாகப் பார்த்தது. அந்தப் பின் விஷயமும் நடந்ததுதான். ஒன்றை வைத்துக்கொள்வதற்காக இன்னொன்றைச் சுரண்டிப் போட வேண்டுமா?

அக்கா காத்திருந்தாள். மறுக்க ஒரு சுலபமான வழி இருந்தது. பின்னை இழுத்தால் கழுத்து பிளந்துவிடும் என்று சொல்லலாம். மரத்தைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் அக்கா ஒத்துக்கொள்வாள். அடடா, அப்படியா, சரி போ, என் மகளிடம் நானே எதையாவது சொல்லிக்கொள்கிறேன் என்பாள். யார் மேலும் வருத்தம் இல்லாமல், இரண்டு பேரும் உள்ளே போய்க் காபி குடிக்கலாம். சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பின் விரிசல் இல்லாத நல்ல மரத்தில், நேராக, ஆழமில்லாமல் இறங்கியிருந்தது. மெல்லிய இடுக்கி ஒன்று ஆணியில் தொங்கியது.

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, விளக்கை மீண்டும் கழுத்தின் மேல் நேராக வைத்தாள்.

"எடுக்க வரும்க்கா. பத்து நிமிஷ வேலைதான்" என்றாள். "நான் எடுக்க மாட்டேன்."